டெக்சாஸ் பன்றி வேட்டைக்குத் தெர்மலா, நைட் விஷனா?

டெக்சாஸ் பண்ணைகளில் பயிரைக் கிளறும் காட்டுப்பன்றியை இரவில் சுடப் போகிறவர் எவ்வளவு தூரம் தெரியும் என்று கேட்பதைவிட, தெரிவது இன்னதென்று எவ்வளவு தூரத்தில் உறுதியாகச் சொல்ல முடியும் என்று கேட்க வேண்டும்.

தெர்மல் கருவி உடல் வெப்பத்தைப் பிடித்துப் படமாகக் காட்டுகிறது. வெளிச்சமே வேண்டாம், புல்லுக்குள் நிற்கும் பன்றியும் பளிச்சென்று தெரியும். ஆனால் 384×288 புள்ளிகள் (பிக்சல்) கொண்ட சென்சாரில் தூரம் கூடக்கூடப் பன்றியும் கன்றுக்குட்டியும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். பணம் இடம் கொடுத்தால் 640×480 வாங்குங்கள். கண்ணாடி வழியே தெர்மல் பார்க்காது, வண்டிச் சன்னலை இறக்கியாக வேண்டும். மழை ஓய்ந்த இரவில் மண்ணும் மரமும் ஒரே வெப்பநிலைக்கு வருவதால் பின்னணி மங்கும். குறுக்கே நிற்கும் முள்கம்பியும் சுள்ளியும் கண்ணில் படாமல் போகலாம். அதில் பட்டால் குண்டு திசை மாறும்.

மங்கிய ஒளியிலும் படம் காட்டும் கேமரா வகையான டிஜிட்டல் நைட் விஷன் விலை குறைவு. காது, கொம்பு, வேலி எல்லாம் தெளிவாகத் தெரியும். இருட்டில் அகச்சிவப்பு விளக்கு தேவை: 850 நானோமீட்டர் அலைநீள ஒளி அதிக தூரம் எட்டும், ஆனால் விளக்கின் முகப்பு மங்கலாகச் சிவக்கும், 940 கண்ணுக்குத் தெரியாது, எட்டும் தூரம் குறைவு. மூடுபனியில் அந்த ஒளி திரும்பியடித்துப் படம் வெளுத்துவிடும்.

இரண்டுக்கும் பணம் இருந்தால், கையில் தெர்மல் மோனோகுலர் (ஒற்றைக்கண் நோக்கி), துப்பாக்கியில் நைட் விஷன். தேடுவதற்காகத் துப்பாக்கியைச் சுழற்றவே கூடாது.