கியர் லீவரை வெட்டுவதற்கு முன்: ஷோர்ட் ஷிஃப்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஹட்டனில் தெரிந்த ஒரு கராஜில் ஒயில் மாற்றக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பி, இருபத்திரண்டு வயது இருக்கும், தன் பழைய கொரோலா டிஎக்ஸ் வேகனின் கியர் லீவரைக் கழற்றி வைஸில் இறுக்கி ஹெக்ஸோவால் அறுத்துக்கொண்டிருந்தார். எவ்வளவு வெட்டப்போகிறீர்கள் என்று கேட்டேன். "மூணு இஞ்சி அண்ணே, கீழேயும் கொஞ்சம் நீட்டுவோம், கியர் சட்டுச் சட்டுன்னு விழும்" என்றார். பதினைந்து வருடத்துக்கு முன் நானும் அதே மாடல் காரில், ஏறத்தாழ அதே அளவுக்கு, அதே நம்பிக்கையோடு வெட்டினேன். அதற்குக் கொடுத்த விலை இன்னும் மனதை உறுத்துகிறது, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஷோர்ட் ஷிஃப்டரே, அதாவது கியர் மாற்றக் கைப்பிடி நகரும் தூரத்தைக் குறைத்த லீவரே, வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு ஆறேழு கார்களுக்கு நானே செய்து கொடுத்திருக்கிறேன், ஒழுங்காகச் செய்தால் ஓட்டுவதற்கு அவ்வளவு சுகமாக இருக்கும். இரண்டு முறை அளந்து ஒரு முறை வெட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு கிரைண்டரைப் பிடி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விடுகிறேன்.

கணக்கை மட்டும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் நிற்கிறது. லீவர் நடுவில் ஒரு குண்டில் ஆடுகிறது. குண்டுக்கு மேலே 320 மில்லிமீற்றர், கீழே 40 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள், விகிதம் எட்டுக்கு ஒன்று. கீழ் நுனி 8 மில்லிமீற்றர் நகர வேண்டுமென்றால் கைப்பிடி 64 நகர வேண்டும். கீழ்ப்பக்கத்தை 50 ஆக நீட்டினால் கைப்பிடி 51 நகர்ந்தால் போதும். தூரம் 20 வீதம் குறைகிறது, அதே வேலைக்குக் கை கொடுக்க வேண்டிய பலம் 25 வீதம் கூடுகிறது. இந்த இரண்டாவது எண்ணை யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

தேய்ந்த புஷ்ஷை விட்டுவிட்டு லீவரைப் பிடிப்பது

கியர் லீவர் கஞ்சிக்குள் அகப்பை மாதிரி ஆடுகிறது, அதனால் ஷோர்ட் ஷிஃப்டர் போட வேண்டும் என்று வருகிறவர்களே அதிகம். டிஎக்ஸ் வேகன் மாதிரிப் பின் சில்லு இழுக்கும் பழைய டொயோட்டாக்களில் லீவரின் கீழ் நுனியில் ஒரு சின்ன நைலோன் புஷ், அதாவது நுனி ஆடாமல் பிடிக்கும் உறை, இருக்கிறது. அது தேய்ந்து உடைந்திருந்தால் லீவர் ஆடத்தான் செய்யும். முன் சில்லு இழுக்கும் கார்களில் கியர் ரொட் மூட்டுகளில் உள்ள புஷ்கள் போயிருக்கும், சில சமயம் எஞ்சின் மவுண்டே அறுந்து, ஏற்றத்தில் எக்ஸலேற்றரை மிதிக்கும்போது லீவரும் சேர்ந்து நடக்கும். லீவரை வெட்டினால் கைப்பிடியில் ஆட்டம் குறைந்த மாதிரித் தெரியும், ஆனால் மொத்தத் தூரமும் சேர்ந்து குறைவதால் அந்த ஆட்டத்தின் பங்கு அப்படியேதான் இருக்கிறது. முதலில் புஷ்ஷை மாற்றுங்கள். பாதிப் பேருக்கு அதோடு ஆசை தீர்ந்துவிடும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அளவுக்கு மேல் குறைப்பது

இதுதான் என்னைக் கவிழ்த்த தவறு.

மேலே சொன்ன கணக்கில் கீழ்ப்பக்கத்தை 50 ஆக நீட்டி, மேல்பக்கத்திலும் 80 மில்லிமீற்றரை வெட்டி எறிந்தேன். விகிதம் 4.8 ஆகிவிட்டது. கைப்பிடி 38 நகர்ந்தால் கியர் விழும், 40 வீதம் குறைவு. நிறுத்தி வைத்த காரில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஆனால் பலத்தின் பக்கம் 67 வீதம் கூடியிருந்தது, அதை நான் பார்க்கவே இல்லை.

அந்த நாட்களில் நான் கொட்டகலையிலிருந்து விடியற்காலையில் தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு மரக்கறி எடுக்கப் போவேன். ஏ7 பாதையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், டெவன் நீர்வீழ்ச்சிப் பக்கம் தொடங்கி முடக்குக்கு முடக்கு மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டும். கீழ்நாட்டில் ஒருவர் ஒரு வாரத்தில் இரண்டாம் கியருக்கு இறக்குகிற தடவைகளை நாம் ஒரே காலையில் இறக்கிவிடுகிறோம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம், ஜனவரியில் புல்லில் உறைபனி படிகிற ஊர். அந்தக் குளிரில் கியர் பொக்ஸ் ஒயில் தேன் மாதிரி இறுகிக் கிடக்கும்.

கியர் பொக்ஸுக்குள் அப்போது நடப்பது இதுதான். இரண்டாம் கியருக்கு இறக்கும்போது, சுற்றும் வேகத்தைச் சமப்படுத்த ஒரு பித்தளை வளையம் கியரின் கூம்பில் உராய்கிறது, அதைத்தான் சின்க்ரோ வளையம் என்கிறோம். வேகம் சமமாகும்வரை அந்த வளையம் ஸ்லீவை, அதாவது கியரோடு போய்ப் பூட்டும் பற்களுள்ள உருளையை, உள்ளே விடாமல் தடுத்து நிற்கும். எவ்வளவு அழுத்தம் அதன் மேல் விழுகிறதோ அவ்வளவு சீக்கிரம் அது வேலையை முடிக்கும். லீவரின் விகிதத்தைக் குறைத்துவிட்டால் அதே கை அதே பலத்தோடு தள்ளினாலும் வளையத்துக்குப் போகும் அழுத்தம் குறைகிறது. ஆக, சமப்படுத்த அது எடுக்கும் நேரம் கூடுகிறது. தூரம் குறைந்தது, நேரம் கூடியது. இதைப் புரிந்துகொள்ளாமல் நாம் என்ன செய்கிறோம்? கைப்பிடி ஒரு சுவரில் முட்டிய மாதிரி நிற்கிறது, ஷோர்ட் என்றால் வேகம் என்று மனதில் பதிந்துவிட்டது, அதனால் தோளிலிருந்து ஒரு தள்ளுத் தள்ளுகிறோம். வளையம் தோற்றுப்போய் ஸ்லீவின் பற்கள் கியரின் பற்களில் மோதுகின்றன. 'கர்ர்'.

அந்தச் சத்தம் எனக்கு ஐந்தாறு மாதம் கேட்டது. முதலில் காலையில் மட்டும், பிறகு நாள் முழுக்க. விசாரித்தவர்களெல்லாம் தடித்த ஒயில் ஊற்று என்றார்கள், நானும் 140 ஊற்றினேன், சத்தம் கொஞ்சம் அமுங்கியது, காலைக் குளிரில் லீவர் இன்னும் முரண்டு பிடித்தது, நான் இன்னும் பலமாகத் தள்ளினேன். கடைசியில் ஒருநாள் மரக்கறி மூட்டைகளோடு நானுஓயாவிலிருந்து இறங்கும்போது இரண்டாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தது. எஞ்சின் பிடி விட்டுப்போய் வண்டி முன்னால் பாய்ந்த அந்த நொடியை மறக்க முடியவில்லை. பிரேக் இருந்தது, முன்னால் பஸ் இருக்கவில்லை, தப்பினேன்.

கியர் பொக்ஸை இறக்கிப் பிரித்தபோது சின்க்ரோ வளையம் வழித்துப்போயிருந்தது. அது மட்டுமென்றால் பரவாயில்லை. இரண்டாம் கியரின் சின்னப் பற்களும் முனை மழுங்கி உருண்டு போயிருந்தன, இறக்கத்தில் கியர் கழன்றதற்கு அதுதான் காரணம். வளையம், கியர், ஸ்லீவ் மூன்றையும் மாற்ற வேண்டும். கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு மூன்று தடவை போனேன், ஒரு கடையில் வேறு பொக்ஸின் வளையத்தை இதுதான் என்று தந்துவிட்டார்கள், திருப்பி எடுக்கவும் மறுத்தார்கள். இரண்டு மாத வருமானமும் மூன்று வார ஓட்டமும் போயின. 2020 இலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய கார்களுக்கும் அவற்றின் சாமான்களுக்கும் விலை ஏறியதை எல்லோரும் பார்த்தோம், இன்று அதே தவறைச் செய்கிறவருக்கு இன்னும் கூடச் செலவாகும். எனக்கு எரிச்சல் என்னவென்றால், வெட்டிய அன்றைக்கு எல்லோரும் பாராட்டினார்கள், கியர் பொக்ஸ் மாதக்கணக்காகக் கத்தியும் யாரும், நான் உட்பட, லீவரைச் சந்தேகப்படவில்லை.

இன்னொன்று. லீவரின் கீழ்ப்பக்கத்தை நீட்டினால் முன்பின் தூரம் மட்டும் குறைவதில்லை, பக்கவாட்டுத் தூரமும் குறைகிறது. இரண்டாம் கியருக்கும் நான்காம் கியருக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒடுங்கிவிடும். ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கப்போய் இரண்டில் விழுந்தால், மழை பெய்த றம்பொடை இறக்கத்தில் பின் சில்லுகள் இறுகி வண்டி திரும்பிவிடும்.

ஆகவே என் அளவு 15 முதல் 20 வீதம், அதற்கு மேல் மலைநாட்டில் ஓடும் காருக்கு நான் செய்வதில்லை. அதையும் கீழ்ப்பக்கத்தை நீட்டித்தான் செய்கிறேன், மேலே வெட்டுவதில்லை. கொஞ்சம் பாரமான கைப்பிடி போட்டால் கூடுதல் பலத்தில் ஒரு பங்கை அந்தப் பாரமே கொடுக்கும். ஒயிலைக் கார்க் கையேட்டில் சொன்ன தடிப்பிலேயே ஊற்றுங்கள், பித்தளை வளையம் உள்ள பழைய பொக்ஸ்களுக்கு ஜிஎல்-4 தரக் கியர் ஒயில்தான் பொருத்தம். சில ஜிஎல்-5 ஒயில்களில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கும், வழுக்கலும் கூடி வளையம் பிடிக்காது. அப்புறம், காலைக் குளிரில் முதல் இரண்டு மூன்று மைல் வரை இரண்டுக்கு இறக்கும்போது டபுள் கிளட்ச் போடுங்கள்: கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு எக்ஸலேற்றரில் ஒரு தட்டு, மறுபடி கிளட்ச், இரண்டு. பழைய லொறி ஓட்டிய அப்பாக்களிடம் கேட்டால் கை பிடித்துச் சொல்லித் தருவார்கள்.

வெல்டிங்

இரண்டு துண்டுகளை முகத்துக்கு முகம் வைத்து ஒட்டினால் அது ஒருநாள் கையோடு வரும். உள்ளே ஒரு ஊசி அல்லது வெளியே ஒரு குழாய் போட்டு, ஓரங்களைச் சாய்வாகக் கிரைண்ட் பண்ணி, அதன் மேல் வெல்ட் பண்ண வேண்டும். பளபளவென்று துத்தநாகம் பூசிய பொல்ட்டை நீட்டலுக்குப் பாவிக்காதீர்கள், புகை நஞ்சு, ஒட்டும் பலமாக இருக்காது. பூச்சை முழுதாகத் தேய்த்து எடுத்தபின் மட்டும் நெருப்பு வையுங்கள். நம் பக்கத்தில் வெல்ட் பண்ணியதும் சூட்டோடு சூடாக வாளித் தண்ணீரில் முக்கும் பழக்கம் இருக்கிறது. அதைச் செய்யவே வேண்டாம், சில இரும்புகள் அந்தக் குளிர்ச்சியில் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தானாக ஆறட்டும். நைலோன் புஷ்ஷைக் கழற்றாமல் வெல்ட் பண்ணியவர்களையும் பார்த்திருக்கிறேன். லீவர் காரில் பூட்டியிருக்கும்போது வெல்டிங் கிட்டவே போகாதீர்கள், கரண்ட் கியர் பொக்ஸின் பெயாரிங் வழியாகப் போனால் அதன் குண்டுகளில் புள்ளி விழும்.

குண்டை உயர்த்திவிட்டுக் கீழ் நுனியை மறப்பது

லீவர் உட்காரும் இடத்துக்குக் கீழே 10 மில்லிமீற்றர் தட்டுப் போட்டு உயர்த்தினால், கீழ் நுனியும் 10 நீள வேண்டும். நீட்டாவிட்டால் நுனி அதன் குழியில் பாதிதான் உட்காரும், ஒரு வேகமான மாற்றலில் நழுவி வெளியே வந்துவிடும். தட்டுப் போடாமல் நுனியை மட்டும் நீட்டினால் அது குழியின் அடியில் இடிக்கும். பூட்டியபின் எஞ்சினை நிறுத்திவைத்து ஒவ்வொரு கியராகப் போட்டு, கடைசியில் மெதுவாக ஒரு தடுப்பில் நிற்கிறதா அல்லது 'டக்' என்று எங்கேயோ இரும்பில் முட்டுகிறதா என்று விரலால் உணர்ந்து பாருங்கள். முட்டினால் கியர் முழுதாக விழவில்லை என்று அர்த்தம். பாதி விழுந்த கியர்தான் இறக்கத்தில் கழலும்.

ரிவர்ஸ் தடுப்பு

லீவர் தவறி ரிவர்ஸில் விழாமல் தடுப்பது அது, அதைக் கழற்றாதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும்.

லீவர் றப்பர்

கீழ் றப்பரைக் கிழித்துவிட்டு அப்படியே விட்டால், புகைக்குழாயில் ஓட்டை இருக்கும் நாளில் அந்தப் புகை உள்ளே ஏறும். பனிமூட்டத்தில் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு போகிற ஊர் இது.

கேபிளால் கியர் மாற்றும் கார்கள்

வெட்டவும் வேண்டாம், வெல்ட் பண்ணவும் வேண்டாம். லீவரில் கேபிள் மாட்டும் இடத்தைக் குண்டிலிருந்து தள்ளி வைத்தாலே வேலை முடிந்தது, அதுவும் ஐந்தாறு மில்லிமீற்றர் தாராளம். கேபிள் கோணலாக இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டம்

பூட்டிய சந்தோஷத்தில் நேராக இறக்கத்துக்கு விடாதீர்கள். தோட்டத்துப் பெக்டரி முற்றமோ விளையாட்டு மைதானமோ, சமமான இடமாகப் பார்த்து முப்பது நாற்பது தடவை மாற்றுங்கள், அடுத்த நாள் விடியற்காலையில் குளிரில் ஒருமுறை மாற்றுங்கள். குளிரில் இரண்டாம் கியர் முரண்டு பிடித்தால் நீங்கள் அதிகமாகக் குறைத்துவிட்டீர்கள், கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள்.

பழைய லீவர்

காரோடு வந்த லீவரில் கை வைக்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் இன்னொன்று வாங்கி அதை வெட்டுங்கள், ஒட்டுங்கள், என்னவும் செய்யுங்கள். ஹட்டனில் அந்தத் தம்பி அறுத்தது ஒரே லீவரை. நான் பேசி முடிப்பதற்குள் முக்கால்வாசி அறுந்திருந்தது, நல்லவேளையாக என் வீட்டு ஷெட்டில் அதே மாடலுக்கு ஒன்று எஞ்சியிருந்தது. புது நைலோன் புஷ்ஷோடு அதைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு வீடு போனார்.