பள்ளி வழியாகத் தேசிய அணிக்கு: ஜப்பானில் படிக்கப் போகும் ரக்பி மாணவருக்கான கணக்கு

உயர்நிலைப் பள்ளியில் மூன்று ஆண்டு, பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு, பிறகு கிளப், அதன்பின் ஜப்பான் அணியின் சிவப்பு வெள்ளைச் சட்டை. இந்தப் பாதையில் வந்தவர்களில் உலகம் அறிந்த முகம் மைக்கேல் லீச். 1988-இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் பிறந்தவர். 15 வயதில் சப்போரோ யமனோதே உயர்நிலைப் பள்ளிக்கு வந்தார், டோக்காய் பல்கலைக்கழகத்தில் படித்தார், 2008-இல் ஜப்பானுக்கு ஆடத் தொடங்கினார். 2015 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவை 34–32 என்று ஜப்பான் வீழ்த்தியபோது அவர்தான் கேப்டன். அவருக்கும் முன்பே, 1980-இல், சொரோபான் என்னும் மணிச்சட்டம் கற்க டைட்டோ புங்கா பல்கலைக்கழகத்துக்கு வந்த டோங்கா மாணவர்கள் இந்தப் பாதையைத் திறந்துவைத்திருந்தார்கள்.

இந்தக் கதைகளைக் கேட்டுப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பலர் ஒரு விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த நாட்டுப் பள்ளியில் படித்ததாலேயே யாருக்கும் தேசிய அணித் தகுதி கிடைத்துவிடாது. உலக ரக்பி அமைப்பின் 8-ஆம் ஒழுங்குவிதியில் பள்ளிச் சான்றிதழுக்கு இடமே இல்லை. கடவுச்சீட்டுக்கும் இல்லை. அந்த விதி பார்ப்பது நான்கைத்தான்: வீரர் அந்த நாட்டில் பிறந்தாரா, பெற்றோரில் அல்லது தாத்தா பாட்டிகளில் ஒருவராவது அங்கே பிறந்தாரா, ஆடும் நாளுக்கு முன் தொடர்ந்து 60 மாதம் அந்த நாட்டு ரக்பி சங்கத்தில் மட்டும் பதிவுபெற்ற வீரராக இருந்தாரா, அல்லது விட்டுவிட்டேனும் மொத்தம் 10 ஆண்டு அங்கே வசித்தாரா. இவற்றில் ஒன்று பொருந்தினால் போதும். வெளிநாட்டு மாணவருக்குப் பெரும்பாலும் மூன்றாவதுதான் வழி. பள்ளியின் பங்கு, அந்த 60 மாதக் கடிகாரத்தை ஓடவிடுவது.

கடிகாரத்தைக் கணக்கிடுவது

முன்பு 36 மாதம் போதும். அப்போது எண்ணப்பட்டது வசிப்பு. 2017 மே மாதம் கியோட்டோவில் கூடிய உலக ரக்பிப் பேரவை அதை 60 ஆக உயர்த்த முடிவுசெய்தது. கோவிட் காரணமாக ஒத்திவைக்கப்பட்டு, 2022 தொடக்கத்திலிருந்து 60 மாதம்தான் நடப்பு. பழைய வீரர்களின் வாழ்க்கையைப் பார்த்துப் போடும் கணக்கு இதனால்தான் பொய்த்துப்போகிறது.

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். 2026 ஏப்ரலில், 15 வயதில், உயர்நிலைப் பள்ளி முதலாண்டில் சேர்ந்து அந்த மாதமே பதிவாகும் மாணவரை எடுத்துக்கொள்வோம். 2029 மார்ச்சில் பள்ளி முடியும்போது 36 மாதம் ஆகியிருக்கும். பழைய விதியில் அன்றே தகுதி. இப்போது பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டு முடியும் வரை, அதாவது 2031 மார்ச் வரை, காத்திருக்க வேண்டும். அப்போது அவருக்கு வயது 20. பல்கலைக்கழகத்துக்கு நேராக 18 வயதில் வருபவருக்கு நிலைமை வேறு. நான்காண்டுப் படிப்பு 48 மாதத்தில் முடிந்துவிடும். மீதி 12 மாதத்தை ஏதாவது ஒரு ஜப்பானியக் கிளப்பில் பதிவோடு கழித்தாக வேண்டும். அந்தக் கிளப் கிடைக்காவிட்டால் நான்கு ஆண்டும் கணக்கில் ஏறாது. தேசிய அணிதான் நோக்கம் என்றால், உயர்நிலைப் பள்ளியிலேயே சேர்வது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

கடிகாரம் தொடங்குவது விமானம் தரையிறங்கிய நாளில் அல்ல, பதிவான நாளில். பள்ளி ரக்பிக் குழுவின் ஆசிரியர் பதிவை ஜூன் வரை தள்ளிப்போட்டால் இரண்டு மாதம் போயிற்று. சேர்ந்த முதல் வாரத்திலேயே பதிவு எண்ணையும் தேதியையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பள்ளிக்காலப் பதிவை எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறார்கள் என்பதையும் பள்ளி மூலம் ஜப்பான் ரக்பி சங்கத்திடம் எழுத்திலேயே கேளுங்கள். வாய்மொழிப் பதிலுக்கு ஐந்தாண்டு கழித்து மதிப்பில்லை. சொந்த நாட்டில் ஏற்கெனவே பதிவுபெற்ற வீரராக இருந்தால், அந்த நாட்டுச் சங்கத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். அது வராமல் புதிய பதிவு நகராது. அதனால் புறப்படுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

தொடர்ச்சி அறுபடும் இடங்கள்

‘தொடர்ந்து’, ‘அந்தச் சங்கத்தில் மட்டும்’ என்ற இரண்டு சொற்களில்தான் பலர் இடறுகிறார்கள்.

முதல் ஆபத்து விடுமுறை. ஊருக்குப் போன மாணவரைப் பழைய கிளப் நண்பர்கள் ஒரு போட்டிக்கு அழைப்பார்கள். அதற்காக அங்கே மறுபடி பதிவானால் ‘மட்டும்’ என்பது உடைந்துவிடும், 40 மாதம் ஆகியிருந்தாலும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். ஊரில் பயிற்சி செய்யலாம், ஓடலாம், எடை தூக்கலாம். பதிவுத் தாளில் கையெழுத்து மட்டும் போடக்கூடாது.

இரண்டாவது, பட்டம் பெறும் மார்ச் மாதம். பல்கலைக்கழகப் பதிவு முடிந்து கிளப் பதிவு தொடங்குவதற்குள் இடைவெளி விழுகிறது. மாணவர் விசாவை வேலை விசாவாக மாற்றுவதும் அதே மாதங்களில்தான் நடக்கும், அங்கே ஒரு ஆவணம் தாமதித்தால் கிளப் பதிவும் தாமதிக்கும். கடைசி ஆண்டு இலையுதிர்காலத்திலேயே கிளப்போடு பேசி, இரு பதிவுகளின் தேதிகளும் ஒன்றையொன்று தொடும்படி செய்துகொள்ளுங்கள். மாணவர் விசாவில் இருக்கும்வரை அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணிநேரம் வரைதான் பகுதிநேர வேலை செய்யலாம். சம்பளத்துக்கு ரக்பி ஆடுவது அந்த விசாவுக்குள் அடங்காது.

மூன்றாவது காயம். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒரு பருவம் ஆடாத மாணவரின் பெயரைப் பதிவில் புதுப்பிக்க மறந்துவிடுவார்கள். ஆடாவிட்டாலும் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஏப்ரலிலும் பெயர் இருக்கிறதா என்று மாணவரே பார்க்க வேண்டும்.

எந்தப் போட்டி உங்களைப் பூட்டும்?

ஒரு நாட்டின் முதன்மை 15 பேர் அணிக்கு ஒருமுறை ஆடினால் அந்த நாட்டோடு பூட்டப்பட்டுவிடுவீர்கள், அதன்பின் வேறு நாட்டுக்கு எளிதில் ஆட முடியாது. அந்த நாடு ‘இரண்டாம் அணி’ என்று அறிவித்திருக்கும் அணிக்கும் இதே விதி. 2018 தொடக்கம் முதல் 20 வயதுக்குட்பட்டோர் அணியை இரண்டாம் அணியாக அறிவிக்க முடியாது. அதனால் பள்ளி அணி, 18, 20 வயதுக்குட்பட்டோர் அணி ஆகியவற்றில் இப்போது ஆடினால் பூட்டு விழாது.

ஏழு பேர் அணிகள் ஆடும் செவன்ஸ் சிக்கலானது. முதன்மை செவன்ஸ் அணிக்கு 20 வயது நிறைந்த பின் ஆடினால் பூட்டு விழும். ஒலிம்பிக்கிலும் செவன்ஸ் உலகக் கோப்பையிலும் வரம்பு இன்னும் தாழ்வு: சட்டப்படி வயதுவந்தவராக இருந்தால் போதும். ஒரு வார இறுதித் தொடர்தானே என்று நினைப்பவர்கள் ருமேனியாவை நினைத்துப் பார்க்க வேண்டும். டோங்கா செவன்ஸ் அணிக்கு முன்பு ஆடியிருந்த ஒரு வீரரை ருமேனியா தகுதிச்சுற்றில் இறக்கியது. 2018-இல் அது வெளிவந்து, புள்ளிகள் பறிக்கப்பட்டு, 2019 உலகக் கோப்பை இடம் ரஷ்யாவுக்குப் போனது. அதே விசாரணையில் ஸ்பெயினும் பெல்ஜியமும் புள்ளிகளை இழந்தன. ஆகவே கோடைவிடுமுறையில் சொந்த நாட்டு செவன்ஸ் அணியிலிருந்து அழைப்பு வந்தால், பிறந்த தேதியை முதலில் பாருங்கள். மாற்று ஆட்டக்காரராகப் பெயர் கொடுப்பதற்கு முன்பே சங்கத்திடம் கேளுங்கள்.

பூட்டைத் திறக்க 2022 முதல் ஒரு வழி உண்டு. 36 மாதம் எந்த நாட்டுக்கும் ஆடாமல் இருந்து, தான் பிறந்த அல்லது பெற்றோர், தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கு ஒரே ஒருமுறை மாறலாம். இதை நன்றாகக் கவனியுங்கள். டோங்காவில் பிறந்து ஜப்பானுக்கு ஆடியவர் பின்னாளில் டோங்காவுக்குத் திரும்பலாம். டோங்காவுக்கு முதலில் ஆடியவர், ஜப்பானில் எத்தனை ஆண்டு படித்திருந்தாலும், பதிவுக் கணக்கைக் காட்டி ஜப்பானுக்கு மாற முடியாது. 19 வயதில் இரண்டு அழைப்பும் வரும் நிலையில் இருப்பவர் எந்தப் பக்கம் முதலில் போவது என்பதை இதை வைத்துத்தான் யோசிக்க வேண்டும்.

ஆவணக் கோப்பு

ஒரு கோப்பு போடுங்கள். மாணவர், பெற்றோர், நான்கு தாத்தா பாட்டிகள் ஆகியோரின் பிறப்புச் சான்றிதழ்கள், ஆண்டுவாரியான பதிவுச் சான்றுகள், பள்ளி, பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதங்கள், முத்திரைகளோடு பழைய, புதிய கடவுச்சீட்டுகளின் எல்லாப் பக்கங்களும், தடையின்மைச் சான்று. பத்தாண்டு வழியை நம்புபவருக்கு வீட்டு வாடகை, நகராட்சிப் பதிவுத் தாள்களும் வேண்டும்.

தாத்தா எங்கே பிறந்தார் என்பதில் குடும்பக் கதையை நம்பாதீர்கள். 2000-இல் வேல்ஸுக்கு ஆடிக்கொண்டிருந்த ஷேன் ஹோவர்த், பிரெட் சின்கின்சன் இருவருக்கும் வேல்ஸில் பிறந்த தாத்தா இல்லை என்று தெரியவந்தது. தாத்தா எடின்பரோக்காரர் என்று நம்பி ஸ்காட்லாந்துக்கு ஆடிய டேவிட் ஹில்டனின் தாத்தா உண்மையில் பிறந்தது பிரிஸ்டலில். லண்டனிலோ டொராண்டோவிலோ பள்ளி ரக்பி ஆடும் ஈழத்தமிழ்ப் பிள்ளைக்கும் இது பொருந்தும். பாட்டி யாழ்ப்பாணத்தில் பிறந்திருந்தால் இலங்கை அணிக்கான கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் போரில் தாள்கள் தொலைந்த குடும்பங்கள் பல. பதிவாளர் நாயகம் திணைக்களத்திலிருந்து பிறப்புப் பதிவின் பிரதியை இப்போதே எடுத்துவையுங்கள்.

நகலில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் பிறந்து ஸ்பெயினுக்கு ஆடிய ஒரு ப்ராப் (முன்வரிசை) வீரரின் கடவுச்சீட்டு நகலில் தேதி திருத்தப்பட்டிருந்தது 2022-இல் பிடிபட்டது. ஸ்பெயின் 10 புள்ளி இழந்து, வென்றிருந்த 2023 உலகக் கோப்பை இடத்தையும் இழந்தது. ஒருவரின் தாளுக்கு முப்பது பேர் விலை கொடுத்தார்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது

ஹிகாஷி-ஒசாகாவின் ஹனசோனோ மைதானத்தில் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நடக்கும் தேசிய உயர்நிலைப் பள்ளித் தொடரைத்தான் எல்லோரும் கனவு காண்கிறார்கள். ஆனால் பல்கலைக்கழகப் பரிந்துரைச் சேர்க்கை இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிடும். மூன்றாம் ஆண்டு ஹனசோனோவில் மின்னுவதற்குள் இடங்கள் நிரம்பியிருக்கலாம். இரண்டாம் ஆண்டு முடிவில், மார்ச்சில் குமகாயாவில், தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகள் ஆடும் தொடரில் கண்ணில் படுவது அதைவிட முக்கியம். எந்தப் பள்ளி எத்தனை முறை ஹனசோனோ போனது என்பதோடு, வெளிநாட்டு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணிநேரம் ஜப்பானிய மொழி கற்றுத்தருகிறார்கள், படித்து முடித்தவர்கள் எந்தப் பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள், காயம்பட்டு ஆட முடியாமல் போனால் உதவித்தொகை தொடருமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் தராத பள்ளியைத் தவிர்ப்பது நல்லது.

பிள்ளை இன்னும் தொடக்கப்பள்ளி வயதில் ஜப்பானில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தேசிய அணிக்குத் தகுதியுள்ளவர்களின் ‘ஏ’ பிரிவை 2026–27 பருவம் முதல் இரண்டாகப் பிரிக்கப்போவதாக ஜப்பானின் முதன்மைக் கிளப் தொடரான லீக் ஒன் 2025-இல் அறிவித்தது. கட்டாயக் கல்வியின் 9 ஆண்டில் 6 ஆண்டை ஜப்பானில் கழித்திருப்பது அதில் ஓர் அளவுகோல். இது கிளப் ஆட்டத்துக்கான விதி, 8-ஆம் ஒழுங்குவிதியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் கிளப் ஒருவரை எடுப்பதும் விடுவதும் இதைப் பார்த்துத்தான் இருக்கும். ஒப்பந்தம் பேசும் நாளில் நடப்பு விதி என்ன என்று கிளப்பிடமே கேளுங்கள்.

ஒலிம்பிக் செவன்ஸுக்கு மட்டும் குடியுரிமை கட்டாயம். ஜப்பானியக் குடியுரிமை பெறுபவர் பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும். பிறந்த நாட்டில் நிலமும் வீடும் உள்ள குடும்பங்கள் இதைத் தேர்வு முகாமுக்கு முந்தைய வாரத்தில் முடிவுசெய்யக்கூடாது.