பள்ளி திறக்கும் நாளுக்கு வீட்டைத் தயார்ப்படுத்துவது எப்படி?

ஜூனில் பள்ளி திறக்கும் காலையன்று வீட்டில் நடக்கும் களேபரத்துக்கு முந்தைய வாரமே வித்திடப்பட்டுவிடுவதால், வேலையையும் அந்த வாரத்திலேயே தொடங்குவது நல்லது.

முதலில் உறக்கம். விடுமுறையில் ஒன்பது மணிக்கு எழுந்து பழகிய பிள்ளையை இரவில் சீக்கிரம் படுக்கச் சொன்னால் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் கிடக்கும். மாறாக, எழுப்பும் நேரத்தை நாள்தோறும் கால் மணி நேரம் முன்னே கொண்டுவந்து, பகல் உறக்கத்தையும் தவிர்த்துவிட்டால், இரவு உறக்கம் தானாகவே முன்னே நகரும்.

அடுத்தது சீருடை. பழையதைப் போட்டுப் பார்த்து, நீளம் குறைந்திருந்தால் கீழ்மடிப்பைப் பிரித்துத் தைக்கலாம். புதியதென்றால் கஞ்சி போக ஒருமுறை அலசிக் காயப்போட வேண்டும். நடந்து களைத்த கால் சற்றே வீங்கியிருக்கும் என்பதால் காலணியை மாலையில் வாங்குவதே சரி. நோட்டுகளுக்கு மதுரை மீனாட்சியம்மன் கோயில் எதிரேயுள்ள புது மண்டபத்தைத் தேடிப் போகிறவர்கள், அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டதை நினைவில் கொள்ளவும்.

முந்தைய இரவே பையை அடுக்கிவிடுங்கள். ஒரு ரஃப் நோட்டு, பென்சில் டப்பா, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா ஆகியவை போதும். முதல் நாளிலேயே எல்லா நோட்டுகளையும் திணித்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. திரும்பி வரும்போது புதுப் புத்தகங்களுக்கும் இடம் வேண்டுமல்லவா?

அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் காலை உணவு அங்கேயே கிடைக்கும் (2022 செப்டம்பர் 15 அன்று அத்திட்டம் தொடங்கப்பட்டதே நம் மதுரையில்தான்). ஆயினும் திறக்கும் நாளிலேயே உணவு உண்டா என்று பள்ளியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் செல்லும் பிள்ளைகள், புதிய பாஸ் கைக்கு வரும்வரை பழையதைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

மாலையில்தான் பெரிய வேலை: அட்டை போடுவது. பிரவுன் ஷீட்டின் பளபளப்பான பக்கம் தரையைப் பார்க்குமாறு விரித்து, புத்தகத்தைத் திறந்து நடுவில் வைத்து, நான்கு புறமும் மூன்று விரல் அளவு விட்டு வெட்டுங்கள். மேலும் கீழும் மிஞ்சிய தாளைப் புத்தகத்தின் உயரத்துக்குச் சரியாக மடித்து, நகத்தால் நன்றாகத் தேய்த்துவிட்டு, பின்பு பக்கவாட்டுத் தாளை உட்புறமாக மடித்தால் இரு ஓரங்களிலும் பை போன்ற இடம் உருவாகும். அதற்குள் புத்தகத்தின் மேலட்டையைச் செருக வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டாவது மேலட்டையைச் செருகிய கையோடு, ஓரத்தை அழுத்தித் தேய்க்கும் முன்பே புத்தகத்தை ஒருமுறை மூடிப் பாருங்கள். திறந்த நிலையிலேயே இறுக்கிவிட்டால், மூடும்போது முதுகுப் பக்கம் இழுபட்டுத் தாள் கிழிந்துவிடும். லேபிளில் பெயர், வகுப்பு, பிரிவு ஆகியவற்றை எழுதி முடித்த பிறகே ஒட்டுங்கள்; பிரிவு இன்னும் உறுதியாகவில்லையென்றால் அந்த இடத்தை மட்டும் பென்சிலால் நிரப்பலாம்.