கோப்ரிவ்ஷ்டிட்சா போகிறவர்கள் தவறும் இடங்கள்

போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. பல்கேரியத் தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த ரயில், பழைய வீடுகளுக்குப் பெயர்போன மலையூரான கோப்ரிவ்ஷ்டிட்சாவின் நிலையத்தில் நின்றது. ஏழெட்டுப் பேர் இறங்கினோம். உள்ளூர்க்காரர்கள் விறுவிறுவென்று நிலையத்துக்கு வெளியே போய்விட்டார்கள். ஓர் இளம் ஜோடி மட்டும் நடைமேடையில் நின்று ஊர்ப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. "பஸ் கிளம்புது, வாங்க!" என்று கையைக் காட்டிக் கூப்பிட்டு அவர்களை ஏற்றிவிட்டேன். எட்டு வருடங்களுக்கு முன் அதே பலகையை அதே இடத்தில் நின்று நானும் படம் எடுத்தேன். என்னைக் கூப்பிட யாரும் இல்லை.

ஸ்வெட்டர், குடை, பாஸ்போர்ட் நகல் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

ரயில் நிலையம் ஊருக்குள் இருக்கும் என்று நம்புவது

இல்லை. ஊர் ஸ்ரெட்னா கோரா மலையின் மடியில், 1,000 மீட்டருக்கு மேல், தோபோல்னிட்சா ஆற்றங்கரையில் இருக்கிறது. சோஃபியாவிலிருந்து கார்லோவோ போகும் ரயில் பாதையோ வடக்கே, இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கில் ஓடுகிறது. நிலையத்துக்கு ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்கள். ஆனால் இரண்டுக்கும் நடுவே 8, 9 கிலோமீட்டர் மலைச்சாலை.

ரயிலை ஒட்டி ஒரு மினி பஸ் வரும். அது உங்களுக்காகக் காத்திருக்காது. ஏறியவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அடுத்த ரயில் வரும்வரை அடுத்த பஸ் கிடையாது. எல்லா ரயிலுக்கும் பஸ் வரும் என்ற உறுதியும் இல்லை.

எட்டு வருடங்களுக்கு முன் நான் படம் எடுத்து முடித்து, தண்ணீர் குடித்து, நிதானமாக வெளியே வந்தபோது அங்கே ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. டாக்ஸி கிடையாது. ஒன்பது கிலோமீட்டர்தானே என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஓரத்தில் நடைபாதை இல்லாத சாலை, வளைவுக்கு வளைவு லாரி. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. அருங்காட்சியகமாக வைத்திருக்கும் பழைய வீடுகளைச் சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் பூட்டிவிடுவார்கள். அன்றே திரும்பவும் டிக்கெட் எடுத்திருந்தேன். ஆக, ஒரு நாள் முழுவதையும் செலவழித்து நான் பார்த்தது ஒரே ஒரு வீட்டின் வாசலை.

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். 110 கிலோமீட்டர் தானே, காலையில் போய்விட்டு ராத்திரி வந்துவிடலாம் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். ரயில் இரண்டு மணி நேரம் என்பதை எண்ணுகிறார்கள். பஸ்ஸை எண்ணுவதில்லை. திரும்பும் ரயிலைப் பிடிக்க ஊரிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும் என்பதையும் எண்ணுவதில்லை. கடைசியில் கைக்கு மிஞ்சுவது மூன்று மணி நேரம்.

சரி, என்ன செய்யலாம்? ரயில் நிற்பதற்கு முன்பே வாசல் அருகே போய் நில்லுங்கள். இறங்கியதும் கூட்டம் போகும் பக்கம் போங்கள். ஊரில் கால் வைத்த உடனே, வீடு பார்க்கப் போகும் முன், திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஓர் இரவாவது தங்குங்கள்.

திங்கள், செவ்வாயில் போவது

சில அருங்காட்சியக வீடுகளுக்குத் திங்கள் விடுமுறை, மற்றவற்றுக்குச் செவ்வாய். புதன் முதல் ஞாயிறுக்குள் போங்கள்.

ஏப்ரல் எழுச்சியை ஏப்ரலில் தேடுவது

ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான 1876 எழுச்சி இந்த ஊரில்தான் வெடித்தது. மே மாதத்துக்குத் திட்டமிட்டது, காட்டிக்கொடுக்கப்பட்டதால் ஏப்ரல் 20 அன்றே தொடங்கிவிட்டது. எழுச்சியின் உள்ளூர்த் தலைவர் தோதோர் காப்லெஷ்கோவ் பக்கத்து ஊரான பனாக்யூரிஷ்டேவுக்கு அனுப்பிய கடிதத்தில் ரத்தத்தால் கையொப்பம் இட்டார். 'ரத்தக் கடிதம்' என்று அதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்த ஏப்ரல் 20 பழைய நாட்காட்டிப்படி. இன்றைய கணக்கில் மே 2. ஊரே அந்தக் கால உடையில் எழுச்சியை நடித்துக் காட்டுவது மே முதல் நாட்களில்தான். அப்போது போவதென்றால் அறையை மாதக்கணக்கில் முன்பே சொல்லி வையுங்கள். 1965 முதல் பொதுவாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் நாட்டுப்புறக் கலை விழாவுக்கும் இதேதான்.

டிராலி பெட்டி

வேண்டாம். தெரு முழுக்க உருண்டைக் கல்.

தலையாட்டுவது

நம் ஆட்களுக்கு இது தனிச் சிக்கல். பல்கேரியர்கள் 'ஆம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். 'இல்லை' என்பதற்கு மேலே தூக்குவார்கள். விடுதிக்கார அம்மா "மெஸோ?" என்று கேட்டார். இறைச்சி வேண்டுமா என்று அர்த்தம். வேண்டாம் என்று நாம் ஆட்டுவதுபோல இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினேன். அவர் முகம் மலர்ந்து உள்ளே போனார். வந்த மண் சட்டியில் பீன்ஸ் சூப், புதினா வாசம், நடுவில் கட்டை விரல் பருமனுக்குப் பன்றி இறைச்சித் துண்டுகள். தலையை அசைக்காமல் வாயால் சொல்லுங்கள்: 'தா' என்றால் ஆம், 'நே' என்றால் இல்லை. சைவம் வேண்டுமென்றால் 'பெஸ் மெஸோ'.

பழைய விலைப் பட்டியல்

2026 ஜனவரி முதல் நாணயம் யூரோ. லெவா கணக்கில் எழுதிய பழைய குறிப்புகளை நம்பாதீர்கள்.

எல்லா வீட்டையும் ஓடி ஓடிப் பார்ப்பது

ஆறு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கும் என்றதும் ஆறையும் முடித்துவிடத் துடிப்பார்கள். மூன்றாவது வீட்டில் கண்ணும் மனசும் களைத்துவிடும். முதல் நாள் ஓஸ்லேகோவ் வீடும் ல்யூத்தோவ் வீடும் போதும். ஓஸ்லேகோவ் வீட்டு முகப்பைத் தாங்கும் தூண்களின் தேவதாரு லெபனானிலிருந்து வந்தது. ல்யூத்தோவ் வீட்டு முகப்பை எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். மேல்விளிம்பு நடுவில் வளைந்து எழும்பியிருக்கும். அதற்குப் பெயர் கோபிலிட்சா. தோளில் வைத்து இரண்டு பக்கமும் தண்ணீர் வாளி தொங்கவிடும் காவடித் தடிக்கும் அங்கே அதே பெயர்தான்.

கடைசி பஸ் போன பிறகு ஊர் மாறிவிடும். ஆற்றுச் சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கும். அந்த நேரத்தில் நீல வண்ண மாதா கோயிலின் தோட்டத்துக்குப் போங்கள். முதல் உலகப் போரில் 1916இல் இறந்த கவிஞர் திம்சோ தெபெல்யானோவ் இந்த ஊர்ப் பிள்ளை, அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். கல்லறை அருகே அவர் அம்மாவின் சிலை. மகன் வருவானா என்று கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள்.