சென்னைக்குப் புதிதாக வந்து மூட்டு டாக்டர் தேடுகிறீர்களா?

கொழும்பிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ சென்னைக்குக் குடிவந்து, பெட்டியைக்கூட இன்னும் பிரிக்காமல், "இங்க நல்ல மூட்டு டாக்டர் யாரக்கா?" என்று கேட்டு மாதத்துக்கு ஒருவராவது எனக்கு போன் பண்ணிவிடுகிறார்கள். எனக்கு முடக்குவாதம் (ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ.) வந்து பன்னிரண்டு வருடம். அதில் பத்து வருடம் சென்னை வளசரவாக்கத்தில் கழிந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதி வைத்துவிடுகிறேன். டாக்டரின் பெயரை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு ஒத்துப்போன டாக்டரோடு உங்களுக்குப் பேச்சே ஓடாமல் போகலாம். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

இந்த ஊரில் மூட்டுவலி என்று பக்கத்து வீட்டில் சொன்னால், உடனே ஆர்த்தோ டாக்டரிடம் போகச் சொல்வார்கள். வயதாகி முழங்கால் தேய்ந்திருந்தால் அது சரியான வழிதான். ஆனால் இரண்டு கையிலும் விரல் முட்டிகளும் மணிக்கட்டும் ஒரே மாதிரி வீங்குகிறது, காலையில் எழுந்து ஒரு மணி நேரம் ஆனாலும் கை மடங்க மாட்டேன் என்கிறது என்றால் அது வேறு சங்கதி. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தின்னுகிற, முடக்குவாதம் போன்ற நோயாக இருக்கலாம். அதற்குப் பார்க்க வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட். பெயர்ப் பலகையில் டி.எம். ருமட்டாலஜி என்று இருக்கிறதா பாருங்கள். எம்.எஸ். ஆர்த்தோ, டி.ஆர்த்தோ என்று போட்டிருந்தால் அவர் எலும்பு டாக்டர். மருந்துச் சீட்டில் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

இது தெரியாமல்தான் நான் நாலு மாதத்தைத் தொலைத்தேன். கொழும்பில் கிளினிக் கொப்பியில் (மருத்துவ நோட்டில்) எழுதிக் கொடுத்த மருந்து தீர்ந்துபோனது. வீட்டுக்குப் பக்கத்திலேயே மாலையில் திறக்கும் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் கொப்பியைத் திறக்கவே இல்லை. "சரியாப் போயிடும்மா" என்று ஓர் ஊசி போட்டு, காகிதக் கவரில் உதிரி மாத்திரைகளைப் போட்டுக் கொடுத்தார். கவரில் பெயர் கிடையாது, காலை ஒன்று இரவு ஒன்று என்று பேனாவால் கோடு மட்டும். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது. தேங்காய்கூடத் துருவினேன். இவரை விட்டால் ஆளில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். மூன்றாம் மாதம் முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. கவரில் இருந்தது ஸ்டீராய்டு என்று பிறகுதான் புரிந்தது. ஸ்டீராய்டு கெட்ட மருந்தில்லை, எனக்கே இப்போதும் சில சமயம் சின்ன அளவில் எழுதுவார்கள். ஆனால் அதைத்தான் சாப்பிடுகிறோம் என்று தெரிந்து சாப்பிட வேண்டும். பல வாரம் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். என் வலது சுண்டுவிரல் கோணியது அந்த நாலு மாதத்தில்தான் என்று எனக்கு ஒரு கணக்கு. அதனால் பெயரில்லாத கவரை யார் கொடுத்தாலும், எவ்வளவு கனிவாகக் கொடுத்தாலும், வாங்காதீர்கள்.

அடுத்தது பேச்சு. ஒரே தமிழ்தானே என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். முதல் ருமட்டாலஜிஸ்டிடம், "கை விறைக்குது டொக்டர், இரவெல்லாம் உளையுது" என்றேன். எங்கள் ஊரில் விறைப்பு என்றால் உணர்ச்சியே இல்லாமல் போவது. பல் பிடுங்குமுன் போடுவது விறைப்பூசி. இங்கே அதற்கு மரத்துப்போவது என்று பெயர். விறைப்பு என்றால் இவர்களுக்கு மடங்காத இறுக்கம். நான் ஒன்றைச் சொல்ல, அவர் இன்னொன்றை எழுதினார். 'உளையுது' அவருக்குச் சுத்தமாகப் புரியவில்லை. குடைச்சல் என்றால் புரியும். நோகுது என்பதை வலிக்குது என்று மாற்றிக்கொள்ளுங்கள். அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. நோயின் பெயரையும் வலியின் பெயரையும் விட்டுவிட்டு, எந்த வேலை முடியவில்லை என்று சொல்லுங்கள். "காலையில் எட்டரை வரை டம்ளரை ஒரு கையில் பிடிக்க முடியலை", "ஜாக்கெட் கொக்கி மாட்ட மகள் வரணும்", "குழாயைத் திருக முடியலை". இதை எந்த ஊர் டாக்டரும் தப்பாக எழுத முடியாது.

நாம் 'சனல் பண்ணுவது' என்று சொல்வது இங்கே அப்பாயின்ட்மென்ட், அல்லது டோக்கன். பல ஸ்பெஷலிஸ்டுகள் பகலில் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பார்கள், மாலையில் சொந்த கிளினிக்கில் பார்ப்பார்கள். ஆறு மணி என்றால் டாக்டர் ஆறு மணிக்கு வந்துவிடுவார் என்று அர்த்தமில்லை. போன் பண்ணி, "எத்தனாவது டோக்கன் போகுது?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். செருப்பை வெளியே விட வேண்டியிருக்கும், அதனால் குனிந்து மாட்ட வேண்டிய வார்ச்செருப்பு வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு கல்லாகிவிடும். நான் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து மீன் தொட்டி வரை நடந்துவிட்டு வருவேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியை மட்டமாக நினைக்காதீர்கள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையை எல்லாரும் ஜி.எச். என்பார்கள். 1664இல் தொடங்கியது. அதோடு சேர்ந்த சென்னை மருத்துவக் கல்லூரியில் மூட்டு வாத நோய்களுக்கென்றே தனித்துறை இருக்கிறது. கூட்டம் உண்டு, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். ஆனால் நம்முடையது போன்ற கைகளை வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியவர்கள் அங்கே இருக்கிறார்கள். மெட்ரோவில் போனால் லிஃப்ட் இருக்கிறது. மின்சார ரயிலில் வந்தால் நடைமேம்பாலத்துப் படிகள் ஞாபகம் இருக்கட்டும்.

சரி, அறைக்குள் போய்விட்டீர்கள். அக்கறையான டாக்டரா என்று எப்படித் தெரியும்? நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: கையைத் தொடுகிறாரா? என் டாக்டரம்மா அதிகம் சிரிக்க மாட்டார். "சொல்லுங்கம்மா" என்பதோடு சரி. ஆனால் உட்கார்ந்ததும் இரண்டு கையையும் மேசைமேல் வைக்கச் சொல்லி, ஒவ்வொரு விரல் முட்டியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். மணிக்கட்டு, முழங்கை, தோள், முழங்கால் என்று எண்ணிக்கொண்டே போவார். இருபத்தெட்டு மூட்டு எண்ணுவது அவர்கள் கணக்கு. அழுத்தும்போது என் விரலைப் பார்க்க மாட்டார், முகத்தைப் பார்ப்பார். நான் "பரவாயில்லை டாக்டர்" என்று சொன்னதை என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ரத்த ரிப்போர்ட்டை அதற்கப்புறம்தான் திறப்பார். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. என்ற ரத்தச் சோதனைகள் எல்லாம் வேண்டியதுதான். ஆனால் ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லாமலும் முடக்குவாதம் இருக்கலாம், நோயே இல்லாதவர் ரத்தத்திலும் அந்த ஃபேக்டர் இருக்கலாம். காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறவர் எனக்கு வேண்டாம். இன்னொன்று, மருந்து வேலை செய்ய எத்தனை வாரம் ஆகும் என்று அவராகவே சொல்ல வேண்டும். முடக்குவாதத்துக்கு வழக்கமாக எழுதும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்துக்குச் சாதாரணமாக ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம். அது தெரியாமல் மூன்றாவது வாரமே டாக்டரை மாற்றிவிட்டு வேறு இடத்தில் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் நம்மில் அதிகம்.

மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். அது வாரத்தில் ஒரே ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ஊர் மாறும்போது இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. அங்கே 2.5 மில்லிகிராம் மாத்திரையில் ஆறு சாப்பிட்டுப் பழகியிருப்பீர்கள், மொத்தம் 15. இங்கே 7.5, 10, 15 என்றெல்லாம் மாத்திரை கிடைக்கிறது. பழைய பழக்கத்தில் பத்து மில்லிகிராம் மாத்திரையை ஆறு போட்டால் அறுபது! ஆகவே டாக்டரிடமும் கடையிலும் "ஆறு மாத்திரை" என்று சொல்லவே சொல்லாதீர்கள், "வாரம் 15 மில்லிகிராம்" என்று சொல்லுங்கள். கூடவே தரும் ஃபோலிக் ஆசிட்டும் சில சமயம் அதே மஞ்சளில் வரும். நான் அட்டையின்மேல் மார்க்கரால் 'வியாழன்' என்று எழுதிவைப்பேன். கம்பெனிப் பெயரும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் மருந்தின் மூலப் பெயரை எழுதிக் கொண்டுவாருங்கள்.

சித்தா பார்க்க ஆசை வரும், வரட்டும். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் நடக்கிறது. போனால் அந்த மாதிரி இடத்துக்குப் போங்கள், என்ன கொடுத்தார்கள் என்று உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள். டப்பாவில் பெயரே இல்லாத, "மூன்றே நாளில் குணம்" பொடி வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் நாக்குக்குத் தெரியாது.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தால்தான் உதவும், அதுவும் முன்பே இருக்கும் நோய் என்றால் மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். ஆகவே மாதச் செலவு கைக்காசுதான். மத்திய அரசின் மக்கள் மருந்தகம், மாநில அரசு 2025இல் தொடங்கிய முதல்வர் மருந்தகம் இரண்டிலும் மருந்து மலிவு. உங்கள் மாத்திரை அங்கே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வீடு பார்க்கும்போது தரைத்தளம்தான் நமக்குச் சுகம் என்று தோன்றும். ஐப்பசி மழையில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று எதிர்வீட்டில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன் உள்ளே போய்ப் பாருங்கள். தரகர் "எல்லாம் இருக்கும்மா" என்பார்.

முதல் தடவை டாக்டர் அறையிலிருந்து எழுமுன் ஒரு கேள்வி பாக்கி வைக்காதீர்கள்: "காய்ச்சல் வந்தால், வாய்ப்புண் வந்தால், மூச்சு வாங்கினால் யாரைக் கூப்பிடட்டும்?" நம் மருந்துகள் எதிர்ப்பு சக்தியை அடக்குபவை, அதனால் நமக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்றும் கிடையாது. நான் கேட்டபோது டாக்டரம்மா ஒன்றும் பேசாமல் என் நோட்டை வாங்கி, பின்அட்டையில் ஒரு எண்ணை எழுதி, கீழே 'ராத்திரி என்றாலும்' என்று எழுதிக் கொடுத்தார். பத்து வருடத்தில் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் எடுத்தார்.