கொட்டேஷன் கேட்கும் முன்: ஒரு சிறு நிறுவனத்தின் தரவுச் சேமிப்பு, கிளவுட், நெட்வொர்க் பாதுகாப்பு

திருப்பூரில் இருபத்தைந்து கணினிகளோடு இயங்கும் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் டேலி, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்களிடம் பையர்கள் அனுப்பிய டெக் பேக்குகள் எனப்படும் ஆடை விவரக் கோப்புகள், பேட்டர்ன் அறையில் கணினியில் வரைந்த கேட் (CAD) கோப்புகள், பிரிண்டிங் டிசைன்கள், மனிதவளப் பிரிவில் தொழிலாளர்களின் ஆதார், வங்கிக் கணக்கு, பி.எஃப். விவரங்கள், கட்டடம் முழுவதும் சிசிடிவி கேமராக்கள் என அதன் தரவு பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. பழைய சர்வர் படுத்துவிட்ட நாளிலோ, பையர் தரப்பிலிருந்து ஆடிட் வரப்போகிறது என்று தெரிந்த வாரத்திலோதான் உரிமையாளர் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரை அழைத்துக் கொட்டேஷன் கேட்கிறார். அவரும் தம்மிடம் விற்பனைக்கு இருப்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். எது போனால் எத்தனை நேரத்தில் திரும்ப வேண்டும் என்பதை நிறுவனம் தானே முதலில் எழுதி வைத்துக்கொண்டால், எந்தப் பெட்டியை வாங்குவது, எந்தக் கிளவுடுக்குப் பணம் கட்டுவது என்ற கேள்விகளில் பாதிக்கு மேல் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

இரண்டு கேள்விகள்

ஒரு தாளை எடுத்து, தரவின் ஒவ்வொரு வகைக்கும் நேராக இரண்டு விடைகளை எழுத வேண்டும். இன்று மாலை எல்லாம் அழிந்துபோனால் எத்தனை மணி நேரத்து வேலையை மறுபடி செய்து சமாளிக்க முடியும் என்பது முதல் கேள்வி. அது திரும்பி வரும்வரை எத்தனை நேரம் வேலையை நிறுத்தி வைக்க முடியும் என்பது இரண்டாவது. விற்பனையாளர்கள் முன்னதை ஆர்.பி.ஓ. என்றும் பின்னதை ஆர்.டி.ஓ. என்றும் சொல்வார்கள், நமக்கு அந்தப் பெயர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையே நினைவூட்டும் என்பதால் கேள்வியாகவே வைத்துக்கொள்வது நல்லது.

விடைகள் ஒன்றுபோல் இருக்காது. டேலியில் ஒரு நாள் பதிவு போனால் பில்களைப் பார்த்து மறுநாள் ஏற்றிவிடலாம்; ஆனால் சம்பள நாளன்று டேலி நான்கு மணி நேரம் நின்றாலே தொழிற்சாலை கொந்தளிக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஆர்டரின் டிசைன் கோப்பு ஒரு வாரம் கழித்துக் கிடைத்தாலும் குடி முழுகிவிடாது, ஆனால் அது அடியோடு போய்விடக்கூடாது. சிசிடிவி பதிவு ஒரு மாதத்துக்குப் பின் பெரும்பாலும் யாருக்கும் தேவைப்படாது. இடத்தை அடைப்பதில் மட்டும் அதற்குத்தான் முதலிடம். நொடிக்கு 2 மெகாபிட் வீதம் பதியும் 16 கேமராக்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 345 ஜிகாபைட், முப்பது நாளில் பத்து டெராபைட்டுக்கு மேல் எழுதும். இதை அலுவலகக் கோப்புகளோடு சேர்த்து ஒரே சேமிப்பகத்துக்குக் கணக்கிட்டுக் கொடுக்கும் கொட்டேஷன், தேவையைப் போல ஐந்து மடங்கு பெரிய பெட்டியை நம் தலையில் கட்டிவிடும். கேமராவின் பதிவை அதற்கென்று இருக்கும் ரெக்கார்டரிலேயே விட்டுவிட வேண்டும்.

அலுவலகத்துக்குள் இருக்கும் பெட்டி

இந்த அளவு நிறுவனத்துக்குப் பெரும்பாலும் நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியே போதும். டேலியையோ வேறு மென்பொருளையோ பலர் ஒரே நேரத்தில் இயக்க வேண்டியிருந்தால் மட்டும் தனி சர்வர் தேவைப்படும். நாஸ் வாங்கும்போது, எப்போதும் இயங்குவதற்கென்றே தயாரிக்கப்படும் டிஸ்க்குகளைக் கேட்டு வாங்க வேண்டும். மேசைக் கணினிக்கான மலிவு டிஸ்க்கைப் போட்டுத் தருகிறார்களா என்பதைப் பில்லில் உள்ள மாடல் எண்ணைப் பார்த்தே சரிபார்த்துவிடலாம்.

அடுத்து ரெய்டு என்ற சொல் வரும். பல டிஸ்க்குகளில் தரவைப் பகிர்ந்து எழுதி, ஒன்று பழுதானாலும் வேலை நிற்காமல் காக்கும் ஏற்பாடு அது. இரண்டு டிஸ்க் பெட்டியில் ஒன்றின் நகலாக மற்றொன்று இருக்கும். நான்கு டிஸ்க்குகளில் ரெய்டு 5 போட்டால் ஒரு டிஸ்க் போவதைத் தாங்கும். ரெய்டு 6 இரண்டு போவதையும் தாங்கும். இன்றைய பெரிய டிஸ்க் ஒன்று பழுதாகிப் புதியதை மாட்டினால், அது முழுதாக நிரம்பி முடிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அந்த நேரம் முழுக்க மற்ற டிஸ்க்குகள் ஓய்வில்லாமல் ஓடும் என்பதாலும், ஒரே நாளில் வாங்கிய டிஸ்க்குகள் ஒரே காலத்தில் தளர்வதும் உண்டு என்பதாலும், இடம் கொஞ்சம் குறைந்தாலும் ரெய்டு 6-ஐயே நான் பரிந்துரைப்பேன். எந்த ரெய்டாக இருந்தாலும், தவறுதலாக அழித்த கோப்பை அது எல்லா டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழித்துவிடும். தீ, வெள்ளம், திருட்டு, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஆகியவற்றின் முன் ரெய்டு எந்த வேலையும் செய்யாது. ஆகவே கொட்டேஷனில் ‘பேக்கப்’ என்ற தலைப்புக்குக் கீழே ரெய்டை எழுதியிருந்தால் அந்த விற்பனையாளரிடம் சற்று எச்சரிக்கையாகவே பேச வேண்டும்.

வீட்டிலிருந்தே கோப்புகளைப் பார்க்கலாம் என்று சொல்லி நாஸை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர்கள், இப்படி இணையத்தில் திறந்து கிடந்த கியூநாப் நாஸ் பெட்டிகளைத் தேடிப் பிடித்துப் பூட்டின. வெளியிலிருந்து வரும் எவரும் வி.பி.என். எனப்படும் மறைகுறியாக்கிய தனி இணைப்பு வழியாகவே உள்ளே வர வேண்டும். தரைத்தளத்தில் நாஸை வைக்காமல் இருப்பதும், யுபிஎஸ்ஸிலிருந்து நாஸுக்கு யூஎஸ்பி வயர் கொடுத்து மின்சாரம் போனால் அது தானே முறையாக அணையும்படி அமைப்பதும் செலவில்லாத காப்புகள்.

கிளவுடில் எதை, எங்கே

கிளவுட் என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு சேவைகளைக் குறிக்கிறார்கள். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் போன்றவை கோப்புகளை ஒத்திசைப்பவை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் குறிப்பிட்ட நாள்வரை மட்டுமே இருக்கும். இரண்டாவது, காப்புப் பிரதிகளை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும் சேமிப்பு. மூன்றாவது, டேலி போன்ற மென்பொருளை அங்கேயே இயக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர். கொட்டேஷனில் எது சொல்லப்படுகிறது என்பதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளாமல் விலையை ஒப்பிடுவதில் பொருளில்லை.

விலையை ஐந்து ஆண்டுக்குச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாஸுக்கு முதலிலேயே பெருந்தொகை போகும், பிறகு மின்சாரமும் மாற்று டிஸ்க்கும்தான். கிளவுடில் மாத வாடகை சிறியதாகத் தெரியும், ஆனால் சேர்த்து வைத்த தரவு ஆண்டுதோறும் வளர்வதால் வாடகையும் வளரும். பெரிய கிளவுட் நிறுவனங்கள் பலவற்றில் தரவை உள்ளே அனுப்பக் கட்டணம் இல்லை, வெளியே எடுக்கத்தான் கட்டணம். மலிவான ‘ஆர்க்கைவ்’ வகைச் சேமிப்பில் எடுப்பதற்குப் பல மணி நேரக் காத்திருப்பும், குறைந்தபட்ச வைப்புக்காலமும் சேர்ந்துகொள்ளும். பழைய ஆர்டர்களின் டிசைன்களுக்கு அது மிகப் பொருத்தம், டேலிக்குச் சற்றும் பொருந்தாது. முதலில் எழுதிய தாள் இங்கே கைகொடுக்கும்.

நேரத்தையும் கணக்கிட வேண்டும். இரண்டு டெராபைட் தரவை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் இறக்கினால், இணைப்பு சிறிதும் தளராமல் இருந்தாலும் 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெள்ளி மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஞாயிறு பிற்பகலில் முடியும். திங்கள் காலை கப்பலேற்றும் ஆவணங்கள் தேவைப்படும் நிறுவனம் கிளவுடை மட்டுமே நம்பியிருக்க முடியாது என்பதை இந்த ஒரு பெருக்கல் காட்டிவிடும்.

தரவு எந்த ஊரில் இருக்கிறது என்பதும் முக்கியம். அமேசானுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்குப் புனே, சென்னை, மும்பையிலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும் கிளவுட் மையங்கள் உள்ளன. கணக்குப் புத்தகங்களை மின்னணு முறையில் வைத்திருக்கும் கம்பெனிகள், அவற்றின் காப்புப் பிரதியை இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் நாள்தோறும் எடுத்து வைக்க வேண்டும் என்று 2022-இல் கம்பெனி கணக்கு விதிகள் திருத்தப்பட்டன. பிரைவேட் லிமிடெடாகப் பதிவு செய்த நிறுவனங்கள் இதைத் தங்கள் ஆடிட்டரிடம் பேசிய பிறகே இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெரிய நிறுவனத்தில் வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து சாம்பலானபோது, காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். 2024 மேயில் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியான யூனிசூப்பரின் கூகுள் கிளவுட் கணக்கே அமைப்புப் பிழையொன்றால் நீக்கப்பட்டது. வேறொரு நிறுவனத்திடமும் காப்புப் பிரதி வைத்திருந்தது அவர்களுக்கு மீட்சிக்கு உதவியது.

மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று தொடர்பற்றது

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது இத்தொழிலில் நெடுநாளாக உள்ள கணக்கு. நம் நிறுவனத்துக்கு அது இப்படி அமையும்: வேலை நடக்கும் கோப்புகள் நாஸில், ஒவ்வோர் இரவும் ஒரு பிரதி கிளவுடில், வாரம் ஒருமுறை ஒரு பிரதி வெளி டிஸ்க்கில். அந்த டிஸ்க்கை எழுதி முடித்ததும் கழற்றி, உரிமையாளரின் வீட்டுக்கோ வேறு யூனிட்டுக்கோ கொண்டுபோக வேண்டும். கழற்றுவதில்தான் அதன் பயன் முழுதும் இருக்கிறது. நெட்வொர்க்கில் மாட்டியே கிடக்கும் டிஸ்க்கை ரான்சம்வேர் மற்றக் கோப்புகளோடு சேர்த்தே பூட்டிவிடும். 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீய மென்பொருளின் தாக்குதலில் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க், ஏறத்தாழ 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மீண்டும் நிறுவ நேர்ந்தது. பயனர் கணக்குகளையெல்லாம் ஆளும் அதன் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகெங்கும் அழிந்த நிலையில், கானாவில் மின்வெட்டால் அணைந்துகிடந்த ஒன்று மட்டும் தப்பியிருந்தது. மெர்ஸ்க் மீண்டெழ அதுவே துணையானது. நம் ஊர் மின்வெட்டைத் திட்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

கிளவுடில் உள்ள பிரதிக்கும் இதே காப்பைத் தரலாம். குறிப்பிட்ட நாள்வரை யாராலும், அட்மின் கடவுச்சொல் வைத்திருப்பவராலும்கூட, அழிக்கவோ மாற்றவோ முடியாதபடி பூட்டிவைக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதை இயக்கித் தரச் சொல்ல வேண்டும். டேலி திறந்திருக்கும்போது அதன் கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் பிரதி அரைகுறையாக அமையக்கூடும் என்பதால், டேலிக்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியைக் கொண்டு எடுத்த பிரதியே நாஸுக்குப் போக வேண்டும்.

எடுத்த பிரதி திரும்ப வருகிறதா என்று பார்க்காத ஏற்பாடு எதுவும் கணக்கில் வராது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து வழிகளில் காப்பு ஏற்பாடு இருந்தும் அவற்றில் எதுவும் ஒழுங்காக இயங்கியிருக்கவில்லை என்று அந்த நிறுவனமே வெளிப்படையாகச் சொன்னது. மென்பொருள் நிறுவனத்துக்கே இந்தக் கதி.

வாசலும் உள்ளறைகளும்

நெட்வொர்க் பாதுகாப்பு என்றதும், இணையத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நின்று போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் பெட்டிதான் கொட்டேஷனில் முதலில் வரும். பெட்டியின் விலையைவிட அதன் ஆண்டு உரிமக் கட்டணம் முக்கியம். உரிமம் காலாவதியான பின் புதிய தாக்குதல்களைத் தடுக்கும் பட்டியல் புதுப்பிக்கப்படாது. மூன்று ஆண்டு உரிமத்தோடு சேர்த்தே விலை கேட்க வேண்டும். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய, காசு அதிகம் கேட்காத வேலைகள் உண்டு. வெளியிலிருந்து கணினியை இயக்க உதவும் விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்புக்காக 3389 என்ற எண்ணுள்ள போர்ட்டை, அதாவது நெட்வொர்க் வாயிலை, இணையத்துக்குத் திறந்துவைத்திருந்தால் இன்றே மூட வேண்டும். மின்னஞ்சல், கிளவுட், வி.பி.என். அனைத்துக்கும் கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும். அப்டேட்டுகளைத் தள்ளிப்போடக் கூடாது: 2017 மேயில் உலகை உலுக்கிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே தீர்வு வெளியிட்டிருந்தது.

சிசிடிவி கேமராக்கள், வருகைப் பதிவுக் கருவி, விருந்தினர் வைஃபை ஆகியவற்றை அலுவலகக் கணினிகளிலிருந்து தனி நெட்வொர்க்காகப் பிரித்துவைக்க வேண்டும். அதற்கு வி-லேன் வசதியுள்ள சுவிட்ச் போதும். தயாரிப்பாளர் கொடுத்த கடவுச்சொல்லோடு கிடந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் சேர்த்துக்கொண்டுதான் 2016-இல் மிராய் என்ற தீய மென்பொருள் பிற தளங்களைத் தாக்கும் தன் படையைத் திரட்டியது.

ஏற்றுமதியாளருக்கு இன்னொரு பேராபத்து மின்னஞ்சலில் வருகிறது. பையருக்கும் நமக்கும் நடுவே புகுந்தவர், ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று நம் பெயரில் பையருக்கு எழுதிவிட்டால் ஒரு கன்டெய்னரின் பணம் வேறெங்கோ போய்விடும். இதைத் தடுக்கத் தனிப் பெட்டி எதுவும் வேண்டாம். கணக்கு எண் மாறினால் ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் பேசி உறுதிப்படுத்திய பிறகே பணம் அனுப்புவது என்று இரு தரப்பும் முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் போதும்.

சட்டத் தேவைகளையும் கொட்டேஷனில் சேர்க்க வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த, இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் உத்தரவுப்படி, பட்டியலிடப்பட்ட சைபர் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக் எனப்படும் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆகவே ஃபயர்வாலின் பதிவுகள் எங்கே, எத்தனை நாள் சேமிக்கப்படும் என்று கேட்பது நியாயமான கேள்வி. தொழிலாளர்களின் தனிப்பட்ட விவரங்களைக் காக்கத் தவறினால், 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

கையெழுத்திடும் முன்

எல்லா அட்மின் கடவுச்சொற்களும் முத்திரையிட்ட உறையில் உரிமையாளரிடம் இருக்க வேண்டும். கிளவுட் கணக்கும் இணைய டொமைன் பெயரும் சர்வீஸ்காரரின் மின்னஞ்சலில் அல்லாமல் நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். சர்வீஸ்காரரோடு உறவு முறிந்த பிறகு டொமைனுக்காக அலைவது மிகவும் துன்பமானது. ஏ.எம்.சி. ஒப்பந்தத்தில் எத்தனை மணி நேரத்தில் வருவார்கள், மாற்றுப் பெட்டி தருவார்களா என்பதை எண்ணாக எழுதி வாங்க வேண்டும். மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, ஒரு சனிக்கிழமை மாலை புதிய கணினி ஒன்றை மேசையில் வைத்து, கிளவுடிலிருந்து டேலியையும் வெளி டிஸ்க்கிலிருந்து ஒரு பழைய ஆர்டரின் கோப்புறையையும் நம் கண்முன் மீட்டுத் தரச் சொல்ல வேண்டும். தாளில் எழுதிய நேரத்துக்குள் இரண்டும் திறந்தால் அன்றே மீதித் தொகையைக் கொடுத்துவிடலாம்.