சாப்பாட்டு விஷயத்தில் பல்லுக்கு நாம் செய்யும் தவறுகள்

எவ்வளவு இனிப்பு சாப்பிடுகிறோம் என்று கணக்குப் பார்க்கும் பலர், ஒரு நாளில் எத்தனை முறை சாப்பிடுகிறோம் என்பதைக் கவனிப்பதில்லை. பற்சொத்தையைப் பொறுத்தவரை இதுவே பெரிய தவறு. பல்லின் மேல் படிந்திருக்கும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன, அங்கே பி.எச். அளவு (அமிலம் கூடக் கூட இது குறையும்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கியதும் பல்லின் கடினமான மேலுறையான எனாமலிலுள்ள தாதுக்கள் கரையத் தொடங்குகின்றன. உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து நிலைமையைச் சீராக்க அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். மதியச் சாப்பாட்டோடு இரண்டு லட்டு தின்றவருக்கு இது ஒரே ஒரு முறை நிகழ்கிறது. சர்க்கரை போட்ட தேநீரை மேசையில் வைத்துக்கொண்டு, ஆறிய பிறகும் முற்பகல் முழுவதும் ஒவ்வொரு வாயாகக் குடிப்பவருக்கோ உமிழ்நீர் தன் வேலையை முடிக்க இடைவெளியே கிடைப்பதில்லை.

இதை உறுதிப்படுத்திய ஆய்வு ஸ்வீடனின் லுண்ட் நகரிலிருந்த விப்பெஹோல்ம் காப்பகத்தில் 1940-களில் நடந்தது. உணவோடு சேர்த்துச் சர்க்கரை கொடுக்கப்பட்டவர்களைவிட, உணவுக்கு இடையே ஒட்டும் டாஃபி கொடுக்கப்பட்டவர்களுக்கே சொத்தை வெகுவாகக் கூடியது. விவரம் புரிந்து சம்மதிக்க இயலாத மனவளர்ச்சி குன்றியோரின் பற்களைக் கெடுத்துப் பெற்ற முடிவு என்பதால், அந்த ஆய்வு இன்றளவும் கண்டிக்கப்படுகிறது.

வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்தால் பல் கெடாது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. அவற்றிலும் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். கடலை மிட்டாயில் வேர்க்கடலை நல்லதே, ஆனால் அதைப் பிடித்திருக்கும் பாகு கடைவாய்ப்பல்லின் பள்ளத்தில் அப்பிக்கொண்டு நெடுநேரம் கரையாமல் கிடக்கிறது. பிஸ்கட்டும் சிப்ஸும் அப்படியே. உப்பாக இருந்தாலும் அவற்றின் மாவுச்சத்தை உமிழ்நீர் வாயிலேயே சர்க்கரையாகச் சிதைத்துவிடுகிறது.

உடல் எடை குறையக் காலையில் வெந்நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்பவர்கள், குடித்த கையோடு பல் துலக்குவது இன்னொரு தவறு. எலுமிச்சையின் அமிலம் பாக்டீரியாவின் துணையின்றி நேரடியாகவே எனாமலை இளக்குகிறது. இளகிய பரப்பை உடனே பிரஷ்ஷால் தேய்த்தால் அது தேய்ந்து, நாளடைவில் பற்கூச்சத்தில் கொண்டுவிடும். பல் துலக்கிய பிறகு அதைக் குடிக்கலாம்; அல்லது குடித்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்கலாம். சர்க்கரை இல்லாத கோலா பானங்களிலும் அமிலம் குறைவதில்லை என்பதால், ‘டயட்’ என்ற சொல்லைப் பார்த்துப் பல்லுக்கும் நல்லது என்று எண்ண வேண்டாம்.

இரவுப் பழக்கங்களில்தான் கூடுதல் கவனம் தேவை, ஏனெனில் உறக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிட்டால், பால் மேல்வரிசை முன்பற்களைச் சுற்றித் தேங்கி அவற்றை முதலில் சொத்தையாக்குகிறது. பால்பல் எப்படியும் விழத்தானே போகிறது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வலியும் சீழும் அதுவரை காத்திருப்பதில்லை. படுக்கும் முன் கொடுக்கும் இனிப்பான இருமல் மருந்துக்கும் இதே கவனம் வேண்டும்: முதலில் மருந்து, அதன் பிறகு பல் துலக்கல், அதற்குப் பின் தாகத்துக்குத் தண்ணீர் மட்டும்.